கணக்குக் கேட்பதும் தேசத் தொண்டே

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

ஏரிக்குக் காவல் கரை. வீட்டிற்குக் காவல் கதவு. மக்களாட்சிக்குக் காவல் கணக்கு. கரை உடைந்த ஏரியில் எத்தனை மழை பெய்தாலும் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதுபோலவே, கணக்குக் கேட்பார் இல்லாத நாட்டில் எத்தனை கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டாலும் ஏழையின் வீட்டுக்கு அது வந்து சேராது. ஊழலை ஒழிக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அதை எப்படி ஒழிப்பது, அதில் பள்ளி மாணவியராகிய நமக்கு என்ன பங்கு என்பதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

ஊழல் என்பது யாது?

பொதுமக்கள் நம்பிக் கொடுத்த பதவியைச் சொந்த ஆதாயத்திற்குப் பயன்படுத்துவதே ஊழல். கோடிக்கணக்கில் சுருட்டுவது மட்டுமே ஊழல் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார், மகளின் கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்திற்கு ஐந்து முறை நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. ஆறாம் முறை ஒருவர் 'டீச் செலவுக்கு' என்று முந்நூறு ரூபாய் கேட்டார். அம்மையார் கொடுத்தார், மறுநாளே சான்றிதழ் வந்துவிட்டது. சட்டப்படி அவருக்கு உரிய ஒரு தாளை அவரே விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. பணக்காரருக்கு முந்நூறு ரூபாய் பெரிதன்று. கூலி வேலை செய்யும் தாய்க்கோ அது ஒரு வாரத்து அரிசி. ஆகவே, ஊழல் எல்லோரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. இல்லாதவரையே மிகுதியாக வருத்துகிறது. இதனால்தான் அதை வெறும் நிர்வாகக் குறை என்று சொல்லாமல், பாவம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

உத்திரமேரூர் காட்டும் வழி

கணக்குக் கேட்கும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமை அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உடையவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இதுவே குடவோலை முறை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்கள் இருந்தன. பதவிக் காலம் 360 நாட்கள்.

இவற்றையெல்லாம் நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். ஆனால், நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் வேறு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

ஆயினும் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உடையவர்களுக்கே அந்தக் குடத்தில் ஓலை விழுந்தது. வயலில் உழைத்தவர்களுக்கு அதில் இடமில்லை. இன்று 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை உண்டு. 73 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்தபின் ஊராட்சிகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அது 50 விழுக்காடாக உயர்ந்தது. அன்று சிலருக்கு மட்டும் இருந்த உரிமை இன்று எல்லோருக்கும் இருக்கிறது. அன்று இருந்த கண்டிப்பு இன்றும் இருக்கிறதா என்பதே கேள்வி.

கணக்குக் கேட்ட கிராமத்தார்

இக்கேள்விக்கு நம் காலத்தில் விடை தேடியவர்கள் இராசத்தான் மாநிலத்து ஏழைக் கூலியாட்கள். சென்னையில் 1946 இல் பிறந்த அருணா ராய் என்னும் அம்மையார், ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்துவிட்டு அங்குள்ள கிராமங்களுக்குச் சென்றார். அவரும் தோழர்களும் கிராமத்தாரோடு சேர்ந்து 1990 இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர், உழவர் சங்கத்தைத் தொடங்கினர். வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படவில்லை. கேட்டால், 'நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்றார்கள். 'அப்படியானால் பதிவேட்டைக் காட்டுங்கள்' என்றார்கள் மக்கள். 'அது அரசாங்க இரகசியம்' என்று பதில் வந்தது.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. ஊர்ப் பொதுவிடத்தில், எல்லோர் முன்னிலையிலும், செலவுப் பதிவேடுகளை உரக்கப் படித்தார்கள். இத்தகைய விசாரணைகளில் வேலைக்கே வராதவர் பெயரிலும், இறந்துபோனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. கட்டாத கட்டடங்களுக்குப் பணம் கொடுத்ததாகக் கணக்கும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள்தாம்; ஆனால், தம் ஊரில் எந்தச் சுவர் இருக்கிறது, எது இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் அறப்போராட்டம் நடத்தினார்கள். 'நமது பணம், நமது கணக்கு' என்பதே அவர்கள் முழக்கம்.

அந்த விதை முளைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டமாக 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1997 இல், தமிழ்நாடு இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால், அதில் விலக்குகள் மிகுதியாக இருந்ததால் மக்களுக்குப் பெரும் பயன் விளையவில்லை.

2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செய்ய வேண்டியது மிக எளிது. ஒரு வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கக் கூடாது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதானால் 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டத்தொகை உண்டு. நம் தோழியின் தாயார் இதை அறிந்திருந்தால், 'என் மனு எந்த நாளில் யாரிடம் போயிற்று? இன்று எந்த நிலையில் இருக்கிறது?' என்று 10 ரூபாயில் கேட்டிருக்கலாம். முந்நூறு ரூபாய் கேட்டவருக்கு அந்தக் கேள்வியே தக்க பதிலாக இருந்திருக்கும்.

காவல் நிற்கும் நிறுவனங்கள்

தனி மனிதர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. நல்லவர் மாறிப் போகலாம், மறைந்தும் போகலாம். நிறுவனம் நிலைத்து நிற்கும். நம் அரசியல் சட்டத்தை வகுத்த பெரியோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அரசியல் சட்டத்தின் மிக முக்கியமான அலுவலராக இருக்கக்கூடும் என்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கருத்துத் தெரிவித்தார். சந்தானம் குழுவின் பரிந்துரையால் 1964 இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அமைந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தோன்றியது. லோக்பால் சட்டம் 2013 இல் நிறைவேறியது. அதன் முதல் தலைவர் நியமனம் பெற்றதோ 2019 இல்தான். சட்டம் எழுதுவது ஒன்று, அதற்கு உயிர் கொடுப்பது வேறொன்று என்பதை இந்தத் தாமதம் நமக்கு உணர்த்துகிறது.

தேர்தல் ஆணையத்தின் வரலாறு இதற்கு மறுபக்கம். திரு. டி.என். சேஷன் 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தார். தேர்தல் விதிகளில் பல முன்பே இருந்தவைதாம். அவர் அவற்றைத் துணிவோடு நடைமுறைப்படுத்தினார். வாக்காளர் அடையாள அட்டையும் அவர் காலத்தில் தொடங்கியதே. ஏட்டில் உறங்கிய விதி, ஓர் அலுவலரின் உறுதியால் எழுந்து நடந்தது.

நீதிமன்றங்களும் காவல் நிற்கின்றன. வேட்பாளர்கள் தம் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கல்வி ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 ஆம் ஆண்டுத் தீர்ப்புகளால் கிடைத்த பயன். அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பவர் யார் என்பது மக்களுக்குத் தெரியாதபடி 2018 இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்று கூறிற்று. வாக்களிப்பவனுக்கு அறியும் உரிமை உண்டு என்பதே அதன் அடிப்படை.

வாக்கின் விலை

ஆனால், காவலர் எத்தனை பேர் நின்றாலும் வீட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பணப் பட்டுவாடா காரணமாக 2016 இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017 இல் சென்னை ஆர்.கே. நகரிலும், 2019 இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. இவை நான்கும் நம் தமிழ்நாட்டுத் தொகுதிகள்.

நாம் ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு வாக்கிற்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்கு 1,826 நாட்கள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 காசு! நம் தெரு விளக்கும், குடிநீரும், மருத்துவமனையும், பள்ளியும் 55 காசுக்கா விலை போக வேண்டும்? கொடுத்தவர் அதைத் தரும காரியமாகக் கொடுக்கவில்லை, முதலீடாகப் போட்டார். முதல் போட்டவர் வட்டியோடு எடுக்காமல் விடுவாரா?

'எல்லோரும் வாங்குகிறார்கள், நாம் மட்டும் வாங்காவிட்டால் மாறிவிடுமா?' என்று சிலர் கேட்பார்கள். 'அது நம்மிடம் அடித்த பணம்தானே, வாங்கிக்கொண்டு விருப்பம்போல் போடலாமே' என்றும் சொல்வார்கள். அடுப்பெரிய வழியில்லாத வீட்டில் கை நீள்வதை எள்ளி நகையாடுவது நமக்கு அழகன்று. அந்த வறுமையைக் காட்டி விலை பேசியவரே முதற்குற்றவாளி. ஆனால், சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றம் என்றே கூறுகிறது. மேலும், ஒருமுறை கை நீட்டிவிட்டால், நாளை சாலை சரியில்லை என்று கேட்க நமக்கு நா எழாது. நாம் இழப்பது வாக்கை மட்டும் அன்று, கேள்வி கேட்கும் தகுதியையும்தான்.

மாணவியர் கடமை

லூக்கா நற்செய்தியின் 19 ஆம் அதிகாரத்தில் எரிகோ நகரத்து வரி வசூலிப்போர் தலைவன் சக்கேயுவைக் காண்கிறோம். இயேசு அவன் வீட்டிற்கு வந்தபோது, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் சொன்னான். அவனுடைய மனமாற்றம் வாய்ச் சொல்லோடு நிற்கவில்லை; கணக்குத் தீர்ப்பதில் போய் முடிந்தது. நமக்கும் இதுவே பாடம். இன்று நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவதாக, சிறியவற்றில் உண்மையாக இருப்போம். வகுப்புச் சுற்றுலாவுக்குத் திரட்டிய பணத்தில் ஐந்து ரூபாய் மிஞ்சினாலும் கணக்கு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். தேர்வில் பார்த்து எழுதாதிருப்போம். வகுப்புத் தலைவியை நட்புக்காக அன்றி, தகுதிக்காகத் தேர்ந்தெடுப்போம்.

இரண்டாவதாக, கிராமசபைக்குப் போகும்படி நம் அன்னையரைத் தூண்டுவோம். நம் மாநிலத்தில் சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்துள்ளன. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் போகாமல், கணக்கைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

மூன்றாவதாக, எழுத அறியாத அண்டை வீட்டாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். தகவல் கேட்கும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு என்றே சட்டம் கூறுகிறது. வயது வரம்பு விதிக்கவில்லை. வற்புறுத்தலால் இலஞ்சம் கொடுக்க நேர்ந்தவர், ஏழு நாட்களுக்குள் அதிகாரிகளிடம் முறையிட்டால் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2018 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறுகிறது. இதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.

நான்காவதாக, தேர்தல் வரும்போது நம் வீட்டுக் கதவைத் தட்டும் உறையைப் பற்றிப் பெற்றோரிடம் பணிவோடு பேசுவோம். பெற்றோர்களே, எங்கள் எதிர்காலத்திற்காக நகை சேர்க்கிறீர்கள், வங்கியில் பணம் போடுகிறீர்கள். விற்காத ஒரு வாக்கையும் எங்களுக்காகச் சேர்த்து வையுங்கள் என்று அன்போடு வேண்டுகிறோம்.

முடிவுரை

இன்னும் மூன்று ஆண்டுகளில் நம் பெயரும் வாக்காளர் பட்டியலில் ஏறும். அன்று நாம் சில நொடிகள் வாக்குச் சாவடியில் நிற்போம். ஆனால், மக்களாட்சி அந்தச் சில நொடிகளில் வாழ்வதில்லை. அடுத்த தேர்தல் வரையுள்ள அத்தனை நாட்களிலும் வாழ்கிறது. அந்த நாட்களில் எல்லாம் விழித்திருந்து, அச்சமின்றி, ஆத்திரமுமின்றி, 'கணக்கு என்ன?' என்று கேட்கும் பெண்களாக நாம் வளர்வோம். அதுவே நம் பள்ளிக்கும், நம்மை ஆளாக்கும் அருட்சகோதரிகளுக்கும், தாய்நாட்டிற்கும் நாம் செலுத்தும் நன்றிக் கடன்.

வாழ்க நேர்மை! வளர்க மக்களாட்சி!