இமயமலைப் பெரு லில்லி

இமயமலைச் சாரலில் ஏறத்தாழ 1,500 மீட்டர் முதல் 3,000 மீட்டர் வரை உயரமுள்ள காடுகளில், ஓக் மரங்களின் நிழல் படிந்த ஈரப் பள்ளங்களில், ஜூன், ஜூலைத் திங்களில் ஆளுயரத்தை விஞ்சிய தண்டொன்று நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அதன் உச்சியில் நறுமணமுள்ள நீண்ட வெண்மலர்கள் பத்துக்கும் மேலாகச் சாய்ந்து தொங்கும். இதுவே இமயமலைப் பெரு லில்லி. இது 2 முதல் 3 மீட்டர் வரை வளரும். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த வாலிக் 1824-இல் இதனை லிலியம் என்னும் பேரினத்தில் சேர்த்து விவரித்தார். ஜப்பானிய அறிஞர் மகினோ 1913-இல் கார்டியோகிரைனம் என்னும் பேரினத்தின்கீழ்க் கொணர்ந்தார். இதயவடிவ லில்லி என்பது அப்பெயரின் பொருள். பெயருக்குக் காரணம் மலரன்று, இலையே.

பூத்த செடியை எவரும் எளிதில் அறிவர். பூவாத ஆண்டுகளில் அறிவதே கடினம். ஆனால் இச்செடியின் வாழ்நாளில் மிகுதியானவை பூவாத ஆண்டுகளே. அப்போது தரையையொட்டிப் பளபளப்பான, நீண்ட காம்புடைய இலைகள் மட்டும் கொத்தாக நிற்கும். பெரிய இலை ஒரு முழத்தை எட்டும். தொலைவிலிருந்து பார்ப்பவர் சேம்பென்று எண்ணக்கூடும். ஐயமிருப்பின் காம்படி மண்ணைச் சற்றே விலக்கிப் பார்க்கலாம்: சேம்பில் கிழங்கிருக்கும், இதில் வெங்காயத்தைப் போலச் செதில்கள் அடுக்கிய குமிழ் இருக்கும். பார்த்தபின் மண்ணை முன்போல் மூடிவிடுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கு இவ்விலை நல்லதொரு பாடம். ஒருவித்திலைத் தாவரங்களின் நரம்புகள் இணையாகச் செல்லும் என்று மாணவர் மனப்பாடம் செய்வர். இச்செடி ஒருவித்திலைத் தாவரமே. எனினும் இதன் இலையில் நரம்புகள் வலைபோல் பின்னியுள்ளன. சேம்பும் வள்ளியும் அத்தகையனவே. ஆகவே இலையை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. மலரில் இதழ்கள் ஆறு, மகரந்தக்கேசரங்கள் ஆறு, சூலறைகள் மூன்று. உட்புறம் செவ்வூதாக் கோடுகள் ஓடும். மும்மூன்றாக அமைந்த இவ்வுறுப்புகளே உண்மையை உரைக்கும். நீலகிரியில் வளரும் லில்லியுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்: அதன் இலைகள் குறுகியவை, நரம்புகள் இணையானவை.

பூத்த குமிழ் அத்துடன் மடியும். கனி முற்றியபின் செடி வாடுவது நோயன்று; அதற்கு மருந்து தெளிப்பது வீண். மடியுமுன் அடியில் சில சிறு குமிழ்களை அது விட்டுச் செல்லும். மலர்த்தண்டை அழகிற்காக வெட்டுபவர், பல ஆண்டுகள் காத்திருந்து வந்த ஒரே விதை விளைச்சலையும் வெட்டியவராவார். இலையுதிர் காலத்தில் வெடிகனிகள் பழுப்பேறித் திறக்கும்வரை தண்டைத் தொடாதிருத்தல் நன்று. விதைகள் தட்டையானவை, மெல்லிய சிறகுடையவை; காற்றே அவற்றைப் பரப்பும்.

வளர்ப்பதில் தோல்வியுறுவோர் பெரும்பாலும் அவசரத்தால் தோல்வியுறுகின்றனர். காட்டிலிருந்து குமிழைத் தோண்டி எடுப்பது எளிய வழியெனத் தோன்றும். அவ்வழியில் காடும் வறுமையுறும். புதிய விதையை இலைமட்கு மிகுந்த மண்ணில் மேலாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, நிழலில் வெட்டவெளிக் குளிர்படுமாறு வைத்தல் வேண்டும். விதை உதிரும்போது முளைக்கரு முழு வளர்ச்சி பெற்றிராது. ஒரு குளிர் காலமும், அடுத்த கோடையும், மீண்டுமொரு குளிர் காலமும் கடந்து, இரண்டாம் வசந்தத்திலேயே பெரும்பாலும் முளை வரும். முதல் வசந்தத்தில் வெறுமையான தொட்டியைக் கண்டு, விதை பட்டுவிட்டதென மண்ணைக் கொட்டிவிடுவதே வழக்கமான பிழை. தொட்டியில் விதைத்த தேதியை எழுதி வைத்தால் இப்பிழை நேராது.

முளைத்தபின் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பக்கக் குமிழ்களிலிருந்து வளர்த்தால் சற்று விரைவில் பூக்கும். குமிழை ஆழப் புதைக்காமல், நுனி தரைமட்டத்தில் இருக்குமாறு நடுதல் முறை. மண் ஈரமாயிருத்தல் வேண்டும், நீர் தேங்கலாகாது. மரநிழல் இடையிட்டு விழும் இடமே ஏற்றது. இளந்தளிர்களை நத்தைகள் விரும்பித் தின்னும். வசந்தத்தில் மாலைதோறும் பார்த்து அகற்றுதல் அவசியம். பல வயதுக் குமிழ்களைக் கலந்து நட்டால், ஒன்று மடியும் ஆண்டில் மற்றொன்று பூக்கும்.