அம்மா கேட்டது லண்டன் மட்டும்தான்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்ததால் அம்மா அங்கேதான் வளர்ந்தார். 1971-ல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியதும் குடும்பம் பட்டுக்கோட்டைக்குத் திரும்பிவிட்டது. எனக்குக் குழந்தை பிறந்தபோது இங்கே வந்தவர், இப்போது நிரந்தரவாசி, கடவுச்சீட்டு இந்தியாவுடையது. நான் சிங்கப்பூர்க் குடிமகள். “ஒருதரம் லண்டனைப் பாத்துட்டா போதும்டி” என்கிறார். முட்டிவலி, சர்க்கரை இரண்டும் உண்டு. சுத்த சைவம். ஜூனில் ஒரு வாரம் லீவு கிடைக்கும். லண்டன் இரண்டு நாள், பாரிஸ் இரண்டு நாள், முடிந்தால் ஆம்ஸ்டர்டாம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிப்பட்டு வருமா?
— ஒரு வாசகி, கிராஞ்சி

பதில்: சரிப்பட்டு வராது. பாரிஸையும் ஆம்ஸ்டர்டாமையும் அடித்துவிடுங்கள். அம்மா கேட்டது லண்டன். மற்ற இரண்டும் உங்கள் ஆசை. அதில் தப்பில்லை, இன்னொரு முறை வீட்டுக்காரரோடு போய்வாருங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ரயிலைப் பிடித்து, மறுபடி அறை எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். முட்டிவலிக்காரருக்கு அந்த அரை நாள் முழு நாளைத் தின்னும். பாரிஸ் மெட்ரோவின் பழைய தடங்களில் படிக்கட்டுதான் கதி. அதோடு விசாவும் இரட்டிப்பு வேலை: பிரிட்டனுக்கு ஒன்று, ஷெங்கன் நாடுகளுக்கு வேறொன்று. லண்டனில் ஐந்து இரவு, ஒரே அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாள் வேலை. உங்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் சிங்கப்பூரர்களும் ஈடிஏ என்ற முன்அனுமதியை இணையத்தில் வாங்கியே ஆக வேண்டும். அம்மாவுக்கு வருகையாளர் விசா வேண்டும். கைரேகை கொடுத்த பிறகு சாதாரணமாக மூன்று வாரம் பிடிக்கும் என்பதால் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள். அவருடைய மறுநுழைவு அனுமதி எந்தத் தேதிவரை செல்லும் என்றும் பாருங்கள். விசாவுக்கு அலைகிற மும்முரத்தில் நிரந்தரவாசிகள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்லி, ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்க்கும் திட்டமாக வாங்குங்கள். அங்கே ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் வெளிநாட்டுக்காரருக்குப் பில் உண்டு.

விமானம் 14 மணி நேரம். இரவு விமானம்தான் நல்லது, தூங்கிக்கொண்டே போகலாம் என்பார்கள். உங்களுக்கு அது ஒத்துவராது. விடியற்காலை ஆறு மணிக்கு ஹீத்ரோவில் இறக்கிவிடும்; அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. அதுவரை அம்மாவை எங்கே உட்காரவைப்பீர்கள்? காலையில் சாங்கியில் ஏறி, பிற்பகலில் அங்கே இறங்குகிற விமானமாகப் பாருங்கள். இறங்கும்போது நம் கணக்கில் இரவு பத்து, பதினொன்று ஆகியிருக்கும். நேரே அறைக்குப் போய், ஒரு வாய் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். சக்கர நாற்காலி உதவிக்குக் காசு கிடையாது, புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். “நான் என்ன நொண்டியா?” என்று அம்மா கோபித்துக்கொள்வார். ஹீத்ரோவின் நடைபாதை நீளத்தைப் பார்த்ததும் சமாதானமாகிவிடுவார். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நேரம் மாறுகையில் சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவது என்று பலதுறை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் லண்டன் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால் இருக்கும். முதல் மூன்று நாள் அம்மா அதிகாலை நாலு மணிக்கே விழித்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஏழானால் கண் சொருகும். இதோடு மல்லுக்கட்டாமல் திட்டத்தையே அதற்கேற்றபடி போடுங்கள். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். கூட்டம் வருமுன் பூங்கா, ஆற்றங்கரை, பாலம் எல்லாம் உங்களுக்கே. ஒன்றரை மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். இரவு நாடக டிக்கெட்டுக்குக் காசைக் கரியாக்க வேண்டாம்.

தங்குமிடம் பார்க்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டுக் குளியலறைப் படத்தைப் பாருங்கள். லண்டன் அறைகள் பலவற்றில் குளியல்தொட்டிக்குள் ஏறி நின்றுதான் ஷவரில் குளிக்க வேண்டும். முட்டி அளவு விளிம்பு, ஈரப் பளிங்கு, பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அம்மா வழுக்கி விழுவது அங்கேதான் நடக்கும். நடந்தபடியே நுழையும் ஷவர்தான் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பேடிங்டன் பக்கத்துப் பழைய வீட்டு ஹோட்டல்கள் சிலவற்றில் லிஃப்ட் கிடையாது. அங்கே முதல் மாடி என்றால் நம் இரண்டாவது மாடி என்பதும் நினைவிருக்கட்டும். சின்னச் சமையலறை உள்ள சர்வீஸ் அபார்ட்மெண்ட் கிடைத்தால் அதுவே மேல்.

லண்டன் சுரங்க ரயில் நிலையங்கள் 272. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் படி ஏறாமல் நடைமேடைக்குப் போக முடியும். 2022-ல் திறந்த எலிசபெத் தடத்தில் 41 நிலையங்களிலும் அந்த வசதி உண்டு. ஹீத்ரோவிலிருந்து அதுவே நேராக நகருக்குள் வரும். அதை ஒட்டியே அறை எடுங்கள். மற்றபடி பஸ்தான். வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், நம் ஊர் போலவே. ஆனால் ஒரே அட்டையில் இருவர் போக முடியாது, அம்மா கையிலும் ஒன்று இருக்க வேண்டும்.

இனி எதைப் பார்ப்பது? அம்மா ஏன் லண்டனைக் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கிங்ஸ் அவென்யூ, குவீன்ஸ் அவென்யூ, அட்மிரல்டி சாலை என்ற பெயர்களுக்கு நடுவே வளர்ந்தவர் அவர். தளத்தின் பெரிய கப்பல் செப்பனிடும் துறைக்கே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். 1938 பிப்ரவரியில் திறந்தார்கள். நான்கே வருடத்தில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது வேறு கதை. நமக்கு எம்ஆர்டி நிலையமாகிவிட்ட அட்மிரல்டி, லண்டனில் கடற்படையையே ஆண்ட துறை. அதன் பழைய கட்டடம் ஒயிட்ஹாலில் இன்றும் நிற்கிறது. தாத்தாவின் சம்பளத்துக்கு மேலிடம் அதுதான். அதைக் காட்டிவிட்டுப் பின்புறம் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் உட்காரவையுங்கள். பெஞ்சுகளும் பெலிக்கன்களும் உண்டு. பக்கிங்ஹாம் அரண்மனைக் காவல் மாற்றத்துக்குக் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், அது வேண்டாம்.

ஒரு நாளை கிரீனிச்சுக்கு ஒதுக்குங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் துறையில் படகு ஏறினால் உட்கார்ந்தபடியே பாதி லண்டனைப் பார்த்துவிடலாம். இரட்டைக் கோபுரம் வைத்த டவர் பிரிட்ஜின் அடியிலேயே படகு போகும். (படத்தில் பார்த்து எல்லோரும் லண்டன் பிரிட்ஜ் என்று சொல்வது இதைத்தான். அசல் லண்டன் பிரிட்ஜ் அதற்குச் சற்று முன்னால் வரும், பார்க்க ஒன்றுமில்லை.) கிரீனிச்சில் இறங்கினால் எதிரே பழைய அரச கடற்படைக் கல்லூரி. 1873 முதல் 1998 வரை கடற்படை அதிகாரிகள் படித்த இடம். செம்பவாங்கில் தாத்தா சலாம் போட்ட துரைகளில் சிலர் இங்கே படித்தவர்களாகவே இருக்கலாம். பக்கத்துக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குன்றின் மேலுள்ள வானாய்வகத்துக்கு ஏறாதீர்கள், செங்குத்தான ஏற்றம்.

பிரிட்டிஷ் மியூசியத்தைப் பொறுத்தவரை 33-ஆம் கூடத்துச் சோழர் நடராசரையும் ஒட்டிய அறையின் அமராவதிச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், மம்மிகளைத் தேடி அலைய வேண்டாம். ஹைட் பார்க் முனையில் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே நினைவு வாயில்கள் இருக்கின்றன. உலகப் போர்களில் பிரிட்டனுக்காகப் போரிட்ட இந்தியத் துணைக்கண்டத்தார், ஆப்பிரிக்கர், கரீபியர் நினைவாக 2002-ல் திறந்தவை. நம் கிராஞ்சி நினைவிடத் தூண்களில் பெயர்களைப் பார்த்தவருக்கு அங்கே அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

கிராஞ்சி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டிக்கெட் எடுக்குமுன் ஒரு ஞாயிறு காலை அம்மாவை கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து போர் நினைவிடம்வரை நடத்திக் கூட்டிப்போங்கள். மேட்டில் ஏறி இறங்கியபின் தேக்காவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில்வரை நடக்கவிடுங்கள். எத்தனை முறை உட்கார இடம் தேடுகிறார், மறுநாள் முட்டி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். லண்டனில் ஒரு நாளைக்கு அவரால் தாங்கக்கூடிய நடை அவ்வளவே.

சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தொக்கு கொண்டுபோகலாம். பால்கோவா, நெய் வேண்டாம். பால் பொருள்களுக்குத் தடை. கறிவேப்பிலையை ஈர்க்கோடு பெட்டியில் திணிக்கவும் வேண்டாம். மூன்றாம் நாள் அம்மாவின் நாக்கு செத்துப்போயிருக்கும். அன்றைக்கு எலிசபெத் தடத்தில் மேனர் பார்க் போய், அங்கிருந்து டாக்சியில் லண்டன் ஸ்ரீ முருகன் கோயிலுக்குச் செல்லுங்கள். தரிசனம் முடிந்ததும் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் சாப்பாடு. சிராங்கூன் சாலைக்காரருக்கு அது புது உலகமாக இருக்காது, ஆனால் ரசம் கிடைக்கும்.

திரும்பும்போது தூக்கம் இன்னும் மோசமாகக் குழம்பும். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று அலுவலகத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். செவ்வாய்வரை லீவு கேளுங்கள்.