கோடைக் கல்வியும் பிரியாவிடையும்

மாணவர்களே! கூடுதல் இன்பம்; பிரிதல் துன்பம். இஃது உலகறிந்த உண்மை. எனினும், எல்லாப் பிரிவும் துன்பமாகவே முடிவதில்லை. நம் முன்னோர் பிரிவினைப் பல வகையாகப் பகுத்து ஆராய்ந்தனர். பொருள் தேடப் பிரிதல், பகைமேற் பிரிதல், தூதிற் பிரிதல் என்பனவற்றோடு கல்வியின்பொருட்டுப் பிரிதலையும் தொல்காப்பியம் கூறுகின்றது. அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது என எல்லையும் வகுக்கின்றது. ஈண்டு யான் கூறப்புகும் பிரிவோ இரண்டு கிழமைப் பிரிவேயாகும். ஆயினும், அதன் முடிவில் ஒரு சிறுமி கற்றுக்கொண்ட பாடம் சிறியதன்று.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கு அண்மையில், வெள்ளாற்றை அடுத்து அமைந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலமோ பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். கொலுப் பொம்மைகள், சாடிகள், மின்கம்பியைத் தாங்கும் பியூஸ் கட்டைகள் முதலியன அந்நகரின் சூளைகளில் உருவாகின்றன. அச்சூளை ஒன்றில் கூலிக்கு உழைக்கும் ஒருவரின் மகள் எங்கள் தெருவில் வாழ்கின்றாள். ஒன்பதாம் வகுப்பை முடித்த கோடையில் அவளுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இளம் விஞ்ஞானியர் திட்டம் ஒன்றனைத் தொடங்கிற்று. ‘யுவிகா’ என்பது அதன் சுருக்கப் பெயர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பல மாநிலங்களினின்றும் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு கிழமைகள் தன் ஆய்வு மையங்களில் தங்கவைத்து, விண்வெளி அறிவியலைக் கற்பிப்பது இத்திட்டத்தின் நோக்கம். நாட்டுப்புறப் பள்ளிகளில் பயில்வோர்க்குத் தேர்வில் தனிச்சலுகை உண்டு. வழிச்செலவும் உணவும் உறையுளும் நிறுவனத்தின் பொறுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் தடைப்பட்ட இத்திட்டம் 2022-இல் மீண்டும் நடைபெறலாயிற்று. எங்கள் ஊர்ச் சிறுமிக்குக் கிட்டிய இடம் திருவனந்தபுரத்திலுள்ள விக்கிரம் சாராபாய் விண்வெளி மையம்.

புறப்படும் நாளன்று தந்தையார் வைக்கோலில் பொதிந்த சிறு பெட்டி ஒன்றை மகளிடம் தந்தார். உள்ளே பன்னிரண்டு பீங்கான் யானைகள் இருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவினது. “உடன் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடு, அம்மா” என்றார் அவர். மகள் முகம் வாடிற்று. “அப்பா, அங்கு வருவோர் பெரிய வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். இவற்றைக் கண்டு நகைக்கமாட்டார்களா?” என்றாள். தந்தையார் மறுமொழி கூறவில்லை. அவள் பெட்டியைத் துணிகளுக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு சென்றாள்.

அங்கே அவளுடைய குழுவில் பதினொரு பேர் இருந்தனர். அசாமிலிருந்து வந்தவள் ஒருத்தி, இலட்சத்தீவினள் ஒருத்தி, இராசத்தானத்துச் சிறுவன் ஒருவன், இவ்வாறு பல நிலத்தார். மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு. முதல் நாள் ஒருவரையொருவர், “உன் தந்தையார் என்ன தொழில் செய்கின்றார்?” என வினவிக்கொண்டனர். நம் சிறுமி, “தொழிற்சாலையில் பணி” என்று மட்டும் கூறித் தலைகுனிந்தாள். சூளை என்ற சொல் அவள் வாயில் எழவில்லை.

ஒருநாள் அவர்களைத் தும்பாவிற்கு அழைத்துச் சென்றனர். தும்பா கடற்கரையிலுள்ள ஒரு மீனவர் ஊர். நிலவுலகின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதனால், வளிமண்டல ஆய்வுக்கு அவ்விடம் ஏற்றதென அறிஞர்கள் கண்டனர். அங்கே புனித மகதலேன் மரியாள் தேவாலயம் இருந்தது. விக்கிரம் சாராபாய் ஆயர் பெரைராவை அணுகி இடம் வேண்ட, அவர் தம் மக்களிடம் கேட்டு இசைவு பெற்றார். மக்கள் வழிபட்ட ஆலயத்தையும் வாழ்ந்த வீடுகளையும் விட்டுப் பெயர்ந்தனர். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அவ்விடத்தினின்றும் முதல் ஏவூர்தி வானில் எழுந்தது. ஆலயம் பின்னர் விண்வெளி அருங்காட்சியகம் ஆயிற்று. மாணவர்களே, ஏவூர்தி எழுந்த செய்தியைப் பலரும் அறிவர். பெயர்ந்து சென்றாரை நினைப்பார் சிலரே. அம்மீனவர் கூறிய விடையன்றோ நம் விண்வெளிக் கல்விக்குக் கால்கோள்!

நிற்க. மற்றொரு நாள் அறிவியலறிஞர் ஒருவர் விண்கலம் மீளும் முறையை விளக்கினார். 2007-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் சிறீஅரிகோட்டாவினின்றும் ஏவப்பட்ட ஒரு சிறு கலம், பன்னிரண்டு நாள் நிலவுலகைச் சுற்றிப் பின், 22-ஆம் நாள் வங்கக் கடலில் இறக்கப்பெற்று மீட்கப்பட்டது. அத்துணை விரைவில் காற்று மண்டலத்துட் புகும் பொருள் கடுவெப்பத்தால் எரிந்தொழியும். அக்கலத்தை எரியாமற் காத்தவற்றுள் சிலிக்கா ஓடுகளும் அடங்கும். அவ்வோடுகளில் நுண்துளைகள் மிகுதி. துளைகளில் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. “இவ்வோடும் பீங்கானும் ஓரினத்தவையே” எனக் கூறிய அறிஞர், “பச்சை மண்ணை உடனே சூளையில் இட்டால் என்னாகும்?” என வினவினார்.

அவையில் ஒருவரும் விடை கூறவில்லை. நம் சிறுமியின் நெஞ்சு துடித்தது. கூறினால் தன் தந்தையின் தொழில் வெளிப்படும். கூறாவிடின் அறிந்ததை மறைத்த பழி உள்ளத்தை உறுத்தும். அவள் எழுந்தாள். “ஐயா, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கலத்தை வெடிக்கச் செய்யும். ஆதலின் நிழலில் உலர்த்த வேண்டும். சுட்ட பின்னரும் சூளையை உடனே திறத்தலாகாது. விரைந்து ஆறினால் கலம் விரியும். என் தந்தையார் சூளையில் வேலை செய்கின்றார், அவர் கூறக் கேட்டிருக்கின்றேன்” என்றாள்.

அறிஞர் மகிழ்ந்தார். அவள் கூறியவற்றின் காரணத்தை அவர் விரித்துரைத்தார். வெண்களிமண், படிகக்கல், பெல்சுபார் என்னும் மூன்றுமே பீங்கானுக்கு முதற்பொருள்கள். ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் களிமண்ணின் அமைப்போடு ஒன்றிய நீர் நீங்குகின்றது. அதன்பின் எத்துணை நீரில் ஊறினும் அது சேறாவதில்லை. மேலும் வெப்பம் ஏற, பெல்சுபார் உருகி ஏனையவற்றைப் பிணைக்கின்றது. ஆறும்பொழுது 573 பாகையில் படிகக்கல் திடீரெனச் சுருங்கும் இயல்புடையது. சூளை மெல்ல ஆற வேண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். தந்தையார் கைப்பழக்கத்தால் அறிந்ததனை மகள் நூன்முறையால் அன்று அறிந்தாள்.

இறுதி நாள் மாலை வந்தது. முதல் நாள் பெயர் கூறவும் நாணிய பிள்ளைகள் அன்று ஒருவர் கையை ஒருவர் விடாது நின்றனர். முகவரிகளை எழுதிக்கொண்டனர். இலட்சத்தீவுப் பெண் தன் கடற்கரையில் பொறுக்கிய சோழி ஒன்றை நம் சிறுமிக்கு அளித்தாள். அப்பொழுது அவள் துணிகளுக்கு அடியிலிருந்த பெட்டியை எடுத்துத் திறந்தாள். பன்னிரண்டு யானைகளுள் ஒன்று வழியில் உடைந்திருந்தது. எஞ்சிய பதினொன்றையும் தோழர் பதினொருவர்க்கும் வழங்கினாள். “இவை என் தந்தையார் வேலை செய்யும் சூளையில் வெந்தவை” என்றாள். ஒருவரும் நகைக்கவில்லை. அசாமியப் பெண் யானையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு அழுதாள்.

ஊர் திரும்பிய மறுநாள் அச்சிறுமி என் வீட்டிற்கு வந்தாள். “ஐயா, அவர்களை இனிக் காண்பேனோ, அறியேன். பிரியத்தானே வேண்டுமெனில் எதற்காகக் கூடினோம்?” எனக் கலங்கினாள். யான் கூறினேன்: “குழந்தாய், உவகையோடு கூடி, ‘இனி எப்பொழுது காண்போம்’ என்று எண்ணுமாறு பிரிதல் கற்றோர் இயல்பென வள்ளுவர் காட்டுகின்றார். சக்கரத்தில் வனைந்த கலத்தை அங்கேயே விட்டுவைத்தால் அது பயன்படாது. அறுத்தெடுத்தால்தான் கலமாகும். உன் துயரும் சூளையின் வெப்பம் போன்றது. அதனை விரைந்து ஆற்ற முயலாதே, மெல்ல ஆறட்டும்.”

அவள் சிறிது நேரம் வாளா இருந்தாள். பின்னர், “உடைந்த யானையை என் மேசைமீது வைத்திருக்கின்றேன், ஐயா. பளபளப்புக்கு உள்ளே மண் எவ்வாறு வெந்திருக்கின்றது என்பது அதில்தான் தெரிகின்றது. ஏன் வெந்தது என்று நேற்றிரவு அப்பாவுக்கு நான் சொன்னேன். அவர் உணவையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்” என்றாள்.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் கல்வியின்பொருட்டு ஊரை விட்டுச் செல்வீர்கள். கற்ற இடத்தையும் விட்டு மீள்வீர்கள். செல்லும்பொழுது பெற்றோர் தொழிலை மறையாதீர். மீளும்பொழுது கற்றதனை உங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர். அவ்வாறு ஒழுகின், நீங்கள் கூறும் விடை பிரியாவிடையாகவே நிலைபெறும்.