மா செய்கை: "ஏன்?" என்பதற்கும் விடை எழுதுங்கள்



பழப்பயிர்ச் செய்கை பற்றிய வினாவுக்குப் பலர் "பசளை இடல், நீர்ப்பாசனம், கத்தரித்தல்" என்று வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். எப்போது, எங்கே, ஏன் என்பவை இல்லாவிடின் விடை பாதியிலேயே நின்றுவிடும். இவற்றை அறியாமல் வளர்க்கும் வீட்டு மரமும் அப்படித்தான்.

ஓர் உதாரணம்: ஒரு வீட்டு வளவில் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று நடப்பட்டது. சில ஆண்டுகளின் பின் காய்த்ததோ நார் நிறைந்த புளிமாங்காய். "கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டார்" என்றனர் வீட்டார். தவறு உண்மையில் யாருடையது? பாடத்தை வாசித்த பின் நீங்களே கூறுங்கள்.

1. பொது இயல்புகள்

தாவரவியற் பெயர் மங்கிபெரா இன்டிக்கா. மரமுந்திரிகையும் மாவும் ஒரே குடும்பத்தவை (அனாகாடியேசியே). மா என்றும் பசுமையான மரம். இதன் பொருள் இலை உதிர்வதில்லை என்பதன்று. எல்லா இலைகளும் ஒரே காலத்தில் உதிர்வதில்லை என்பதாகும்.

2. இனப்பெருக்கம்

மாவில் அயன்மகரந்தச் சேர்க்கை நடைபெறுவதால் விதைக்கன்று தாய்மரத்தை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அது காய்ப்பதற்கும் பல ஆண்டுகள் செல்லும். எனவே ஒட்டுதல் சிறந்தது.

• ஒட்டுக்கட்டை: வேர்த்தொகுதியைக் கொண்ட கீழ்ப்பகுதி. உள்ளூர் மாவின் விதையிலிருந்து பெறப்படும்.
• ஒட்டுக்கிளை: நாம் விரும்பும் வர்க்கத்தின் மேற்பகுதி. (உ-ம்: கறுத்தக்கொழும்பான், விலாட், அம்பலவி)

இரண்டினதும் மாறிழையங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். இல்லையேல் ஒட்டுப் பிடிக்காது. ஒட்டுமரம் சுமார் 3–4 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

3. நடுகை

நீர் தேங்காத, நல்ல வெயில் படும் இடத்தைத் தெரிவுசெய்க. ஏறத்தாழ 1 மீற்றர் நீள, அகல, ஆழமுள்ள குழியில் மேல்மண்ணையும் சேதனப் பசளையையும் கலந்து நிரப்புக. மரங்களுக்கிடையே 8–10 மீற்றர் இடைவெளி விடுக. உலர்வலயத்தில் வடகீழ்ப் பருவமழையின் ஆரம்பத்தில் நடுவது நன்று. கோடைக்கு முன் வேர் ஊன்றிவிடும். ஒட்டிய இடம் மண்மட்டத்திற்கு மேலே இருத்தல் வேண்டும்.

4. பராமரிப்பு

• ஒட்டிய இடத்திற்குக் கீழே தோன்றும் தளிர்களை உடனுக்குடன் அகற்றுக. அவை ஒட்டுக்கட்டைக்குரியவை. விட்டுவிட்டால் வேகமாக வளர்ந்து ஒட்டுக்கிளையை நலிவடையச் செய்யும்.
• பசளையை அடிமரத்தருகே குவிக்காது, முடிநிழலின் விளிம்பை அண்டி இடுக. நீரையும் போசணையையும் உறிஞ்சும் நுண்வேர்கள் அங்கே அதிகம்.
• அறுவடை முடிந்தபின் காய்ந்த, நோயுற்ற, நெருக்கமான கிளைகளைக் கத்தரிக்க. ஒளியும் காற்றும் உட்செல்வதால் பங்கசு நோய்கள் குறையும்.

5. பூத்தலும் காய்த்தலும்

பூங்கொத்து முதிர்ந்த கிளைகளின் நுனியில் தோன்றும். பூப்பதற்கு முன் ஒரு வறட்சிக் காலம் தேவை. அக்காலத்தில் நீரும் நைதரசன் பசளையும் மிகுந்தால் பூவுக்குப் பதிலாகத் தளிர் வரும். "நன்றாகப் பார்த்தும் மரம் பூக்கவில்லை" என்போர் பலர் செய்யும் தவறு இதுவே. காய் பிடித்தபின் அளவாக நீர் ஊற்றினால் பிஞ்சு உதிர்வது குறையும்.

6. பீடைகளும் நோயும்

• மா தத்தி: பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும். அது சுரக்கும் இனிப்புத் திரவத்தில் கரும்பூஞ்சணம் வளரும். பூ விரிந்த வேளையில் பூச்சிநாசினி தெளிப்பதைத் தவிர்க்க. மகரந்தச் சேர்க்கை செய்யும் ஈக்களும் தேனீக்களும் அழியும்.
• பழ ஈ: காயினுள் முட்டையிடும். காய்களுக்கு உறையிடுக. விழுந்த பழங்களைப் பொறுக்கி அழிக்க. இல்லையேல் அவற்றிலுள்ள புழுக்கள் மண்ணில் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈக்களாக வரும்.
• அந்திரக்னோசு: பங்கசு நோய். பூக்கள் கருகும், பழத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். ஈரலிப்பான காலநிலையில் கூடுதலாகப் பரவும்.

7. அறுவடை

காம்பை அண்டிய "தோள்" பகுதி பருத்திருப்பது முதிர்ச்சியின் அறிகுறி. கொக்கத்தடியால் நிலத்தில் விழுத்தாது, வலைப்பை கட்டிய தடியால் பறிக்க. காம்பில் சிறிதளவை விட்டு வெட்டுக. பால் வடிந்து தோலில் பட்டால் கறை ஏற்படும்.

மாதிரி வினா

மேலே கூறிய வீட்டில் ஒட்டுமரம் புளிமாங்காய் காய்த்தமைக்குரிய காரணத்தை விளக்குக.

விடை: ஒட்டிய இடத்திற்குக் கீழே தோன்றிய தளிர்கள் அகற்றப்படவில்லை. அவை வளர்ந்து ஒட்டுக்கிளையை நலிவடையச் செய்தன. ஆகவே காய்த்தது ஒட்டுக்கட்டையின் காயாகும்.

கன்று விற்றவர் மீது பிழை இல்லை. இன்று மாலை உங்கள் வளவிலுள்ள ஒட்டுமரத்தின் அடியைச் சென்று பாருங்கள். நேரில் கண்டது பரீட்சை மண்டபத்தில் மறக்காது.