டியூப் வழியே உணவு: வீட்டில் கவனிக்க வேண்டிய 10 குறிப்புகள்

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்குவதே பாடாகிவிடும். அந்த நாட்களில் உடம்பு வற்றிப்போகாமல் இருக்க மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடுவார்கள். நெடுநாள் தேவைப்பட்டால் வயிற்றில் பெக் டியூப்.

1. படுத்த நிலையில் ஊற்றவே கூடாது. உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சாய்த்து உட்கார வைத்து ஊற்றுங்கள். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

2. மூக்கு நுனியில் டியூபின் மேல் பேனாவால் குறி போட்டு வையுங்கள். ஒவ்வொரு வேளையும் அதைப் பார்த்த பிறகே உணவு. குறி நகர்ந்திருந்தால் ஊற்றாமல் மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

3. டியூபை மடக்கிப் பிடித்துக்கொண்டு, பிஸ்டன் கழற்றிய 50 மில்லி சிரிஞ்சைச் செருகி, உணவை ஊற்றிய பின் மடக்கியதை விடுங்கள். தானாக இறங்கும். வேகமாக இறங்கினால் சிரிஞ்சைச் சற்றுத் தாழ்த்துங்கள். அழுத்தித் தள்ள வேண்டாம். ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும்.

4. உணவுக்கு முன்னும் பின்னும் சுமார் 30 மில்லி குடிநீர் விடுங்கள். பாதி அடைப்பு இதிலேயே தவிர்ந்துவிடும்.

5. கேழ்வரகுக் கஞ்சியும் சத்துமாவுக் கஞ்சியும் ஆற ஆற இறுகும். அதனால் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பதம் பார்த்து, இருமுறை வடிகட்டுங்கள். ஒரு தக்காளி விதை போதும், டியூப் அடைக்க. வெறும் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் வயிறு நிறையும், தெம்பு ஏறாது. டயட்டீஷியன் சொன்ன அளவில் பால், எண்ணெய், புரத மாவு சேருங்கள்.

6. தயாரித்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் 24 மணி நேரம்தான்.

7. மாத்திரைகளைத் தனித்தனியே பொடித்துக் கரைத்து, இடையிடையே தண்ணீர் விடுங்கள். உணவோடு கலக்காதீர்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. அவற்றுக்குப் பதில் சிரப் உண்டா என்று கேளுங்கள்.

8. அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரை விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, மெல்ல இழுத்துத் தள்ளிப் பாருங்கள். கம்பி, குச்சி எதையும் நுழைக்காதீர்கள்.

9. மூக்குப் பிளாஸ்டர் நனைந்தால் உடனே மாற்றுங்கள். பெக் டியூப் வாயிலைச் சோப்பும் நீரும் கொண்டு துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். சீழ், சிவப்பு தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

10. வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயைச் சுத்தமாக வைக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து பலமுறை கொப்பளிக்கச் செய்யுங்கள். டாக்டர் அனுமதித்தால் தினமும் சில மிடறு தண்ணீர் விழுங்கட்டும். விழுங்கும் தசைகளுக்குப் பழக்கம் விட்டுப்போகாது.

ஊற்றும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அப்போதே நிறுத்துங்கள். டியூப் கழன்றால் நீங்களே திரும்பச் செருகாதீர்கள். பெக் டியூப் போட்ட துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.