நெற்பூ விரியும் நேரம்: டைம்லாப்ஸ் பழகும் பிள்ளைகளுக்கு

1. முதலில் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரைக்குப் போய் மேகத்தைப் பிடியுங்கள். ஆடி, ஆவணியில் மாலை மழை மேற்கே திரளும். ஐப்பசியில் கடல் பக்கமிருந்து ஏறிவரும். கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

2. கணக்குப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். வீடியோவில் நொடிக்கு 25 படம் ஓடும். 10 நொடிக் காட்சிக்கு 250 படம் வேண்டும். 5 நொடிக்கு ஒன்று எடுத்தால் 21 நிமிடம் காத்திருக்க வேண்டும். விரைந்தோடும் மேகத்துக்கு 2 நொடி இடைவெளி போதும். செல்போனிலேயே பழகலாம், கேமரா வாங்கக் கடன்பட வேண்டாம்.

3. ஃபோகஸ், வெளிச்ச அளவு, ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மாறாமல் நிறுத்திவையுங்கள். ஆட்டோவில் விட்டால் காட்சி மினுக்கிக்கொண்டே இருக்கும்.

4. கரையில் காற்று அதிகம். டிரைபாடில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள்.

5. இனி நெல். சோறு தின்னும் நம் பிள்ளைகளில் பலர் நெல் பூப்பதைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கதிர் வெளிவந்ததும், வெயிலடிக்கும் நாளில், காலை ஒன்பது மணிக்கே வயலில் இருங்கள். உமி இரண்டாகப் பிரியும், ஆறு மகரந்தப் பைகள் வெளியே நீளும், ஒரு மணி நேரம் போல் திறந்திருந்து மறுபடி மூடிக்கொள்ளும். பைகள் மட்டும் வெளியே தொங்கும். 10 நொடிக்கு ஒரு படமாக ஒன்றரை மணி நேரம் எடுத்தால் 540 படம், அதாவது 21 நொடிக்கு மேல் காட்சி. கதிர் ஆடாமலிருக்கப் பக்கத்தில் மெல்லிய குச்சி நட்டு, நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் பூக்கள் மலர்வதை இந்த முறையில் எடுத்துக் காட்டிய ஆண்டு 1910. நம் நெற்பூவை நாம்தானே எடுக்க வேண்டும்?

6. நடவு நடும் பெண்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டு எடுத்தாலும் தள்ளி நின்று வயல் முழுவதும் தெரியும்படி எடுங்கள். கிட்டப்போய் எடுத்து வேகமாக ஓட்டினால் அவர்கள் பொம்மைபோல் துள்ளுவார்கள். குனிந்த முதுகின் வலி அதில் வேடிக்கையாகிவிடும். அது தவறு.

7. ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். நீருக்குள் இறங்காதீர்கள், கூடுகளை நெருங்காதீர்கள்.

8. வில்லியனூரில் வைகாசித் தேரை எடுக்க மாடவீதிக் கூட்டத்துக்குள் டிரைபாடை விரிக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியை முதல் நாளே கேட்டு வையுங்கள். தேர் நின்று நின்று நகரும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, பவர்பேங்கும் கொண்டுபோங்கள்.