மனைப்பொருளியல்: புதிய அணையாடைகளை முதற் பாவனைக்குத் தயார் செய்தல்

கடையில் வாங்கிய துணி அணையாடை (நப்பி) பார்வைக்குச் சுத்தமாக இருப்பினும், அதனை அப்படியே சிசுவுக்கு அணிவித்தல் ஆகாது.

காரணங்கள்

1. பருத்தி நாரில் இயற்கையாகவே மெழுகுப் பொருள் உண்டு. நெசவின்போது நூலுக்குப் பசையும் இடப்படும். இவை எஞ்சியிருப்பின் துணி நீரை நன்கு உறிஞ்சாது.
2. துணியில் எஞ்சும் இரசாயனப் பொருள்களும் தூசும் சிசுவின் மென்மையான தோலை உறுத்தலாம்.
3. பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும். எனவே வீட்டில் தைப்பதாயின், வெட்டுவதற்கு முன் துணியைக் கழுவிக் கொள்க.

செய்முறை

1. அணையாடைகளைக் குளிர்நீரில் சில மணி நேரம் ஊறவிடுக.
2. வெந்நீரில் மென்மையான சலவைத்தூள் இட்டுக் கழுவுக. வெள்ளைப் பருத்தித் துணியைக் கொதிநீரில் அவிக்கலாம். இறப்பர்ப் பட்டி, நீர்புகாப் படை உள்ளவற்றை அவிக்கலாகாது.
3. நுரை முற்றாக நீங்கும்வரை பல தடவை அலசுக.
4. நேரடிச் சூரிய ஒளியில் உலர்த்துக.
5. துணியில் ஒரு துளி நீர் இடுக. துளி உருண்டு நின்றால் கழுவுதலை மீண்டும் செய்க; உடனே உறிஞ்சப்பட்டால் அணையாடை தயார்.

கவனிக்க

• துணி மென்மையாக்கி நார்களின் மேல் படைபோல் படியும், உறிஞ்சுதிறன் குறையும். எனவே தவிர்க்க.
• யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கற் பிரதேசங்களின் கிணற்று நீர் வன்னீராகும். இதில் சவர்க்காரம் கரையாத படிவைத் தந்து துணியை விறைப்பாக்கும். இங்கு சலவைத்தூள் ஏற்றது.
• பிரசவத்திற்கு முன் தயாரித்த துணிகளுடன் நப்தலீன் உருண்டைகளை ஒருபோதும் வைக்க வேண்டாம். ஜீ6பீடீ நொதியம் குறைந்த சிசுக்களில் நப்தலீன் ஆவி செங்குருதிக் கலங்களைச் சிதைத்து, கடும் செங்கண்மாரியை ஏற்படுத்தலாம். இக்குறைபாடு வெளித்தோற்றத்தில் தெரியாது. எனவே எல்லாச் சிசுக்களுக்கும் இவ்விதி பொருந்தும். சுத்தமான, மூடிய பெட்டியே போதுமானது.

மாதிரி வினா

புதிய பருத்தி அணையாடையைப் பலமுறை கழுவியபின் உறிஞ்சுதிறன் அதிகரிப்பது ஏன்?

விடை: நாரிலுள்ள மெழுகும் நெசவுப் பசையும் நீங்குவதால், நீரை ஈர்க்கும் செலுலோசு வெளிப்படுகின்றது.

குறிப்பு: "அழுக்கு நீங்குவதால்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. மெழுகு, பசை ஆகிய இரண்டையும் குறிப்பிடுக.